கூம்புக்கு ஏன் மூன்றில் ஒன்று? மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லையா?

கேள்வி, மே 3

என் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். வட்டம், உருளை, கூம்பு, கோளம் என்று சுவர் முழுக்கச் சூத்திரம் ஒட்டி வைத்திருக்கிறான். ஆனாலும் சோதனையில் பரப்பளவு கேட்டால் கன அளவை எழுதிவிட்டு வருகிறான். "முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்றால் கூம்பும் உருளையில் பாதிதானே? மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது?" என்று நேற்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இவற்றையெல்லாம் மனப்பாடம்தான் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர்கள் யாராவது சொல்லுங்கள், அக்கா அண்ணன்மாரே.

பதில், மே 3, இரவு 9.40

முதலில் அந்தச் சுவரில் இருப்பதை எல்லாம் கிழித்தெடுங்கள். மகன் கேட்டது மிக நல்ல கேள்வி. அப்படிக் கேட்கிற பிள்ளையை மனப்பாடத்தில் தள்ளிவிடக் கூடாது.

தோட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். இப்போது வெள்ளி, சனி காலைகளில் வீட்டு முன்கூடத்தில் பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை சூத்திரத்தை மறக்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே குறைதான். பரப்பளவு என்றால் எதை எண்ணுகிறோம், கன அளவு என்றால் எதை எண்ணுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதே இல்லை.

பரப்பளவு என்றால் தரையில் பதித்த மொசைக் ஓடுகளை எண்ணுவது. வரிசைக்கு ஆறு, நான்கு வரிசை, இருபத்து நான்கு. செவ்வகத்துக்கு அவ்வளவுதான் சூத்திரம். அந்தச் செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் முக்கோணம், அதனால் பாதி. சாய்ந்த இணைகரத்தில் ஒரு பக்கத்து முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் மறுபடியும் செவ்வகம்.

வட்டத்துக்கு ஒரு காகிதத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து பதினாறு துண்டாக வெட்டி, ஒன்றின் முனை மேலே, அடுத்ததன் முனை கீழே என மாற்றி மாற்றி அடுக்குங்கள். செவ்வகம் வந்துவிடும். அதன் நீளம் வட்டத்தின் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். பெருக்கினால் பரப்பளவு. நம் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்திலும் இதேதான் இருக்கிறது: வட்டத்தில், அதாவது சுற்றளவில், பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வருவது குழி. அந்தக் காலத்தில் பரப்பளவுக்குப் பெயர் குழி.

கன அளவு என்பது அந்த மொசைக் தரையை மேலே மேலே அடுக்குவது. உருளை என்றால் ஒரே வட்டத்தை அடுக்கிக்கொண்டே போவது. எனவே வட்டத்தின் பரப்பளவை உயரத்தால் பெருக்க வேண்டும். பெட்டியானாலும் உருளையானாலும் கணக்கு ஒன்றுதான்.

கூம்பைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

மே 4

மணிலா அட்டையில் ஒரே வாய் அகலமும் ஒரே உயரமும் உள்ள கூம்பு ஒன்று, உருளை ஒன்று செய்யுங்கள். கூம்பில் அரிசியை நிரப்பித் தலை தட்டி உருளையில் கொட்டச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கொட்டும்போது உருளை நிரம்பும். இன்று என் வகுப்பில் செய்தோம். பதினோரு பேரும் சுற்றி நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினார்கள்.

மே 4, இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன், மனம் ஒப்பவில்லை. அரிசி கொட்டுவது மூன்று என்று காட்டுகிறதே தவிர, ஏன் மூன்று என்று சொல்வதில்லை. உங்கள் மகன் கேட்டது ஏன் என்றுதான். எனக்கு இரண்டு நாள் கொடுங்கள்.

மே 6

பாதி என்று நினைத்ததற்காக மகன் வெட்கப்பட வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். கி.பி. 499இல் ஆரியபட்டர், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 62,832க்கு 20,000 என்று, அதாவது 3.1416 என்று அவ்வளவு நுட்பமாகச் சொன்னவர். வட்டப் பரப்பளவுக்கு அவர் சொன்ன விதியும் மேலே நான் எழுதிய அதே விதிதான். அப்படிப்பட்டவரே, நான்கு முக்கோண முகம் கொண்ட கூர்வடிவத்துக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி எடுக்கச் சொன்னார். முக்கோணத்தில் பாதி என்பதால் இங்கும் பாதி என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். சுமார் 130 ஆண்டுகள் கழித்து, 628இல், பிரம்மகுப்தர்தான் மூன்றில் ஒன்று என்று சரியாக எழுதினார். அவ்வளவு பெரிய மேதையைத் தடுக்கிய கல்லில் பதினான்கு வயதுப் பையன் தடுக்கினான் என்றால் அவன் சரியான பாதையில்தான் நடக்கிறான்.

இனி ஏன் மூன்று என்பதற்கு வருகிறேன். இதை அட்டையில் செய்தால்தான் விளங்கும். பத்து செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் பத்துக்குப் பத்து செங்கோண முக்கோணம் ஒவ்வொன்று. மற்ற இரண்டு பக்கங்களிலும் பத்துக்கு 14.1 செங்கோண முக்கோணம் ஒவ்வொன்று. மடித்து ஒட்டினால் ஒரு மூலைக்கு நேர் மேலே உச்சி நிற்கும் கோபுரம் கிடைக்கும். இதேபோல் மூன்று செய்து, மூன்று உச்சியும் ஒரே மூலையில் சேரும்படி பொருத்துங்கள். கச்சிதமாக ஒரு கனசதுரம் உருவாகும். ஒரே அச்சில் வார்த்த மூன்று சேர்ந்து ஒரு பெட்டி, ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று. அரிசியும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம்.

முதல் முறை பொருத்தியபோது எனக்கே கை நடுங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் ஓர் அட்டைப்பெட்டி அப்படி ஒரு சந்தோஷத்தைத் தரும் என்று நினைத்ததில்லை.

மே 7

திருத்தம். பதினாறு துண்டு தட்டைப் பற்றி எழுதியபோது "செவ்வகம் வந்துவிடும்" என்றேன். லூனாசிலிருந்து ஒருவர், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அலை அலையாக இருக்கின்றனவே, இது எப்படிச் செவ்வகம் ஆகும் என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. பதினாறில் அது செவ்வகம் ஆகாது. முப்பத்திரண்டாக வெட்டினால் அலை சிறுக்கும், அறுபத்து நான்கில் இன்னும் சிறுக்கும். எத்தனை வெட்டினாலும் முழுமையாக நேராகாது, ஆனால் வித்தியாசத்தை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகலாம்.

பழங்காலக் கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீசும் இந்த வழியில்தான் போனார். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்க உருவம் வரைந்து, பை, அதாவது சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், 3 10/71ஐ விடப் பெரியது, 3 1/7ஐ விடச் சிறியது என்று நிறுவினார். நாம் பள்ளியில் எழுதும் 22/7 என்பது அந்த மேல் எல்லைதான். உண்மையான மதிப்பைவிட ஒரு துளி அதிகம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 22/7 போட்டால் 0.4 லிட்டர்தான் கூடுதலாக வரும். வீட்டுக் கணக்குக்கு இது தாராளமாகப் போதும்.

மே 10

இன்று வகுப்பில் ஒரு பெண், நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையை 12 சதுர மீட்டர் என்று சரியாகப் போட்டுவிட்டு, சதுர செ.மீ.க்கு மாற்றி 1,200 என்று எழுதினாள். ஒரு மீட்டருக்கு நூறு செ.மீ. என்பதால் நூறால் பெருக்கிவிட்டாள். சூத்திரச் சுவரால் இந்தத் தவற்றைத் தடுக்க முடியாது. 30 செ.மீ. மொசைக் ஒன்றின் பரப்பளவு 900 சதுர செ.மீ. அவள் விடைப்படி அந்த அறைக்கு ஒன்றரை மொசைக் கூடத் தேவைப்படாது. அதைச் சொன்னதும் தானாகவே அழித்தாள். நீளத்துக்கு நூறு, அகலத்துக்கு நூறு, ஆகவே ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. அறை 1,20,000. கடைக்குப் போனால் 134 மொசைக் கேட்க வேண்டும், உடைவதற்குத் தனியாக.

கன மீட்டர் என்றால் நூறை மூன்று முறை பெருக்க வேண்டும்: பத்து லட்சம் கன செ.மீ. அதாவது ஆயிரம் லிட்டர்.

இன்னொன்றும் கவனித்தேன். தமிழ்ப்பள்ளியில் பரப்பளவு, சுற்றளவு, கன அளவு, ஆரம் என்று படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் லுவாஸ், லிலித்தான், ஈசிபாடு, ஜெஜாரி என்று எல்லாமே புதிதாகிவிடுகின்றன. தேர்வில் பரப்பளவுக்குக் கன அளவை எழுதுகிறான் என்றீர்களே, கேள்வியில் இருந்த சொல்லை அவன் எப்படிப் படித்தான் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். என் பிள்ளைகள் நோட்டின் உள்ளட்டையில் இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதனதன் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மே 11

நேற்று இரவு தூக்கம் வராமல் அப்பாவின் தொட்டி நினைவுக்கு வந்தது. எழுதிவிடுகிறேன்.

1978. எங்கள் லயத்தில் பத்து வீடு. குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். பக்கத்து லயத்தில் ஆறடி விட்டம், நான்கடி உயரத்தில் சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தார்கள். அதேபோல் நமக்கும் வேண்டும் என்று பத்து வீடும் பணம் போட்டு, டவுனில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தது. தொட்டி வர வேண்டிய அன்று அவர், "ஆறடி கைவசம் இல்லை, மூன்றடியில் இரண்டு தருகிறேன். மூன்றும் மூன்றும் ஆறு, உயரமும் அதே நான்கடி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வண்டியிலிருந்து இறக்கியும் வைத்தாகிவிட்டது.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். சூத்திரம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். ஆனால் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி நிரப்பும்போது எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தொட்டிக்கு நாற்பத்து நான்கு டின், இரண்டுக்கும் எண்பத்தெட்டு. பக்கத்து லயத்துத் தொட்டியை நிரப்பிய பையன்களிடம் போய்க் கேட்டார். நூற்றெழுபதுக்கும் மேல் என்றார்கள். திரும்பி வந்து தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, "பாதிதான் கொடுத்திருக்கிறான்" என்று மெதுவாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கணக்கு இதோ. ஆறடி விட்டமுள்ள வட்டம் 28.3 சதுர அடி. மூன்றடி விட்டமுள்ளது 7.07 சதுர அடி, கால்வாசி. இரண்டு வைத்தால் பாதி. உயரம் நான்கடி என்பதால் பெரியது 113 கன அடி, ஏறத்தாழ 704 கேலன். நான்கு கேலன் டின்னால் 176. சிறியது 176 கேலன், 44 டின். அப்பா எண்ணியதும் சூத்திரம் சொல்வதும் ஒன்றுதான்.

மறுநாள் அப்பா தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கொடுத்த பணத்தில் ஒரு காசு திரும்பவில்லை. அந்த இரண்டு தொட்டிக்காகப் பத்து வீட்டுப் பெண்களும் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அம்மா விடிகாலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்பே வாளியோடு நின்றார். பரப்பளவு பரீட்சைக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மே 12

தொட்டிக் குறிப்புக்குப் பிறகு தோட்டத்து நினைவுகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரு பெரியவர் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பற்றிக் கேட்டிருக்கிறார், அது அருமையான உதாரணம். உருளையின் பக்கப் பரப்பை விரித்தால் செவ்வகம்: நீளம் சுற்றளவு, அகலம் உயரம். மரத்தின் பட்டையை அப்படி மனத்தில் விரித்துப் பாருங்கள். சுற்றளவு 50 செ.மீ. ஆனதும் மரம் பால் வெட்டுக்கு வரும். பாதிச் சுற்று வெட்டு என்றால் விரித்த தாளின் நீளவாக்கில் 25 செ.மீ. முப்பது பாகைச் சாய்வில் போகும் வெட்டு தாளில் ஒரு நேர்க்கோடு, நீளம் சுமார் 29 செ.மீ. மரத்தில் வளைந்து இறங்குவது தாளில் நேராகிவிடுகிறது. அம்மாவின் கத்தி நாள்தோறும் வரைந்த கோடு அது.

ஒரு நுணுக்கம்: விதைக்கன்றாக வளர்ந்த மரம் மேலே போகப் போகச் சிறுத்துக் கூம்பு போல இருக்கும். ஒட்டுக்கன்று மரம்தான் ஏறக்குறைய உருளை.

மே 12, பிற்பகல்

பாமாயில் தரும் செம்பனை ஏன் முக்கோணமாக நடப்படுகிறது என்றும் அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார். மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் வேண்டும். சதுரமாக நட்டால் ஒரு மரத்துக்கு 81 சதுர மீட்டர், எக்டருக்கு 123 மரம். சமபக்க முக்கோணமாக நட்டால் வரிசைகளின் இடைவெளி 7.8 மீட்டராகக் குறையும். மரத்துக்கு 70 சதுர மீட்டர், எக்டருக்கு 142 அல்லது 143 மரம். இடைவெளி அதே ஒன்பதுதான், மரம் மட்டும் ஏறத்தாழ இருபது கூடுகிறது.

மே 17

மழை. இன்று பிள்ளைகளோடு கூரைத் தண்ணீர்க் கணக்குப் போட்டோம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் சரியாக ஒரு லிட்டர். பரப்பளவு எப்படிக் கன அளவாகிறது என்று காட்ட இதைவிட நல்லது கிடையாது. எங்கள் வீட்டின் ஒரு பக்கத் தகரம் ஆறுக்கு ஒன்பது மீட்டர், 54 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 1,080 லிட்டர்.

மே 18

நேற்றைய கணக்கு தவறு. தகரத்தைச் சரிவோடு அளந்திருக்கிறேன். மழை மேலிருந்து விழுகிறது. உச்சி வெயிலில் கூரை தரையில் போடும் நிழல் எவ்வளவோ அவ்வளவு மழையைத்தான் அது பிடிக்கும். சாய்வு முப்பது பாகை என்றால் ஆறு மீட்டர் தரையில் 5.2 மீட்டர்தான். பரப்பளவு 46.8, தண்ணீர் 936 லிட்டர். பதினோரு பிள்ளைகளின் நோட்டிலும் 1,080 என்று இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை முதல் வேலை அதைத் திருத்துவது.

மே 24

திருத்தினோம். பிறகு கோளம். உங்கள் மகன் சுவரில் கடைசியாக ஒட்டியிருந்தது.

பந்து ஒன்று கச்சிதமாக அடங்கும் டின்னை எடுங்கள், டின்னின் உயரமும் பந்தின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிப் பந்தை முழுக்க அழுத்தினால் வழிந்து போவது மூன்றில் இரண்டு பங்கு. அதே டின்னுக்குள் அதே உயரத்தில் ஒரு கூம்பை வைத்தால் மூன்றில் ஒன்று. கூம்பு ஒன்று, கோளம் இரண்டு, உருளை மூன்று.

கோளத்துக்கும் உருளைக்கும் உள்ள இந்த விகிதத்தைக் கண்டவர் ஆர்க்கிமிடீஸ். தன் கல்லறையில் உருளையும் அதனுள் கோளமும் பொறிக்க வேண்டும் என்று விரும்பினார். கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாகப் போன ரோமானியர் சிசரோ, சிராகூசில் முட்புதர் மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை, மேலே நின்ற உருளையையும் கோளத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

கோளத்தின் மேற்பரப்புக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். பழத்தின் அளவில் நான்கு வட்டம் வரைந்து, தோலைச் சிறு துண்டுகளாக உரித்து வட்டங்களை நிரப்புங்கள். நான்கும் நிரம்பும். சுளை பிள்ளைகளுக்கு.

மே 25

சன்னலில் ஜெராய் மலை தெரிகிறது. அதன் கன அளவு எவ்வளவு என்று சின்னவன் கேட்டான். உயரம் 1,217 மீட்டர் என்பதை வைத்துக் கூம்பாகப் போட்டுவிடலாம் என்றான் இன்னொருவன். மலை கூம்பு இல்லை. வரைபடத்தில் ஒரே உயரத்தை இணைக்கும் கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இருக்கும் பரப்பளவை அளந்து, தட்டுத் தட்டாக அடுக்கிக் கூட்டினால் மலையின் கன அளவு கிடைக்கும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் மகனுக்கு மே 6இல் நான் கொடுத்த பதிலில் ஓர் ஓட்டை இருப்பது புலப்பட்டது.

மே 26

அந்த ஓட்டையை அவனும் கண்டுபிடித்துவிட்டான் என்று இன்று எழுதியிருக்கிறீர்கள்: "டீச்சர் காட்டியதில் அடிப்பாகம் சதுரம், உச்சி ஒரு மூலைக்கு மேலே. கூம்பின் அடிப்பாகம் வட்டம், உச்சி நடுவில். அது எப்படி இதற்குப் பொருந்தும்?"

அவனிடம் இப்படிக் காட்டுங்கள். இருபது நோட்டுப் புத்தகத்தை நேராக அடுக்கி, பிறகு ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்க்கட்டும். அடுக்கு சாய்ந்தது, காகிதம் ஒரு தாள் கூடக் குறையவில்லை. ஒவ்வொரு உயரத்திலும் தட்டின் பரப்பளவு மாறாவிட்டால் மொத்தக் கன அளவும் மாறாது. ஆகவே உச்சி மூலைக்கு மேலே இருந்தாலும் நடுவில் இருந்தாலும் ஒன்றுதான். இத்தாலியரான கவாலியேரி 1635இல் தன் நூலில் இந்த வழியை விரிவாக எழுதினார்.

அடுத்தது, சதுரமா வட்டமா என்பது. கோபுரத்தை நடு உயரத்தில் அறுத்தால் சதுரத்தின் பக்கம் பாதி, பரப்பளவு கால். கூம்பை நடு உயரத்தில் அறுத்தால் வட்டத்தின் விட்டம் பாதி, பரப்பளவு அதே கால். எந்த உயரத்தில் அறுத்தாலும் அடிப்பரப்பில் இரண்டும் ஒரே பங்குதான். அதனால் கோபுரத்துக்கு மூன்றில் ஒன்று என்றால் கூம்புக்கும் மூன்றில் ஒன்று.

அவன் முதலில் கேட்ட "ஏன் பாதி இல்லை" என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. முக்கோணம் மேலே போகப் போக அகலத்தில் மட்டும் சிறுக்கிறது. கூம்பு நீளத்திலும் அகலத்திலும், இரண்டு பக்கமும் சேர்ந்து சிறுக்கிறது. பத்துப் படியாக வைத்துக் கூட்டட்டும். முக்கோணத்துக்கு 1, 2, 3 என்று பத்து வரை: நூற்றுக்கு 55. கோபுரத்துக்கு 1, 4, 9 என்று நூறு வரை: ஆயிரத்துக்கு 385. நூறு படியாக வைத்தால் முக்கோணம் பத்தாயிரத்துக்கு 5,050, கோபுரம் பத்து லட்சத்துக்கு 3,38,350. ஒன்று பாதியை நோக்கியும் மற்றது மூன்றில் ஒன்றை நோக்கியும் இறங்குவதை அவன் கையாலேயே எழுதிப் பார்க்கட்டும்.

நடு உயரத்தில் விட்டம் பாதி, பரப்பளவு கால். நான் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், அது அப்பாவின் கணக்கு. அடியில் ஆறடித் தொட்டி, நடுவில் மூன்றடித் தொட்டி.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகனை அனுப்புங்கள். அட்டைக் கனசதுரத்தையும் எடுத்து வரட்டும், எங்களுடையது பிள்ளைகள் கை பட்டுக் கிழிந்துவிட்டது.